அதனால் என்ன?

முப்பத்தாறு வயதில் எனக்கு மறுபடியும் வீட்டுப்பாடம் வந்தது. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். அவள் ஏழு மணிக்கெல்லாம் முடித்துவிட்டு, "இன்னுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். எனக்குப் பன்னிரண்டு வரை இழுக்கும். இதில் என் மனைவிக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்ததோ என்று இன்றும் சந்தேகம். பத்துப் பன்னிரண்டு வருடமாக "காலைல பிளேன் ரெடியாகணும்" என்று சொல்லிவிட்டு இரவில் காணாமல் போன ஆள், இப்போது பேனாவும் கையுமாக வீட்டிலேயே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் அல்லவா.

நான் இந்திய விமானப்படையில் பொறியாளர். சொந்த ஊர் கோவில்பட்டி. பெங்களூரு ஜாலஹள்ளியில் இருக்கும் விமானப்படை தொழில்நுட்பக் கல்லூரியில் பயிற்சி முடித்து, போர் விமானங்களோடு காலம் தள்ளி, ஸ்குவாட்ரன் லீடர் ஆனவன். படை அதிகாரிகள் நடுவயதில் போய்ப் படிக்கும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு நான் போனது கார்கில் சண்டை முடிந்து நாலைந்து வருடம் கழித்து. முதல் தடவை நுழைவுத் தேர்வில் தேறவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. 'ஹேங்கரில் கிடப்பவனுக்கு எதற்கு ராணுவ வரலாறு?' என்று மிதப்பாக இருந்துவிட்டேன். இரண்டாம் தடவைதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் குன்னூரைத் தாண்டியதும் வெட்டிச் சீராக்கிய புல்வெளியும் சுண்ணாம்படித்த கற்களுமாக ஓர் இடத்தைக் கடப்பார்கள். அதுதான் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையமும் அங்கேதான். காலையில் ஓடும் சிப்பாய்களின் குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஸ்டாஃப் காலேஜின் வேர் இன்னும் பழையது. 1905இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குப் போய், பிரிவினையில் இரண்டாகி, நம் பங்கு 1947இல் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. தரைப்படைக்கென இருந்ததை முப்படைக்குமாக மாற்றிய காலத்தில் கமாண்டன்டாக இருந்தவர் மேஜர் ஜெனரல் லென்டெய்ன். 1944 பர்மா போரில், படைத்தலைவர் விங்கேட் விமான விபத்தில் இறந்தபின் சிண்டிட் படைகளுக்குத் தலைமை ஏற்றவர். எதிரியின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, விமானம் போடும் மூட்டையை நம்பியே சோறு தின்ற படை அது. மூன்று படைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கல்லூரியின் சின்னம் ஆந்தை. 'யுத்தம் பிரக்ஞயா' என்பது வாசகம். போருக்கு அறிவோடு போ என்று பொருள் கொள்ளலாம். படிப்பு முடிந்து ஆந்தை போட்ட டையோடு ஊருக்குப் போனபோது அம்மா முகம் சுளித்தாள். "போயும் போயும் கோட்டானையா குடுத்தான்?" எங்கள் பக்கம் ஆந்தை அலறினால் கல்லெடுத்து விரட்டுவார்கள். பகலில் ஒரு காக்கை ஆந்தையை ஜெயித்துவிடும், ஆகவே நேரம் பார் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு மாதப் படிப்பில் பாதி அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது என்று அம்மாவிடம் விளக்கப் பார்த்தேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கூடவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. பட்டமும் வந்தது என்றதும்தான் கொஞ்சம் சமாதானமானாள். பாதுகாப்பு மற்றும் உத்திசார் படிப்பு என்பதெல்லாம் அவளுக்கு வேண்டியதில்லை, மெட்ராஸ் யுனிவர்சிடி என்பது போதும்.

சரி, இந்த வயதில் எதற்குப் படிப்பு? விமானப்படையில் முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓர் அதிகாரி ஒரே ஒரு காரியத்தில் கெட்டிக்காரனாகிறான். பைலட் என்றால் ஒரு விமானம், என்னைப் போன்றவன் என்றால் அதன் வயிற்றுக்குள் இருப்பவை. அப்புறம் திடீரென்று அவனை மேசைக்கு மாற்றிவிடுவார்கள். இனி எந்த விமானத்தையும் தொடப்போவதில்லை. எத்தனை விமானம், எங்கே, எதற்கு என்று தளபதிக்கு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஸ்டாஃப் ஆபீசர் என்றால் அதுதான். கை வேலை தெரிந்தவனை எழுத்து வேலைக்கு மாற்றும் பட்டறை வெலிங்டன். அதற்கு மேலும் உண்டு. செகந்திராபாத்தில் காலேஜ் ஆஃப் ஏர் வார்ஃபேர் இருக்கிறது, அதே ஊரில் நிர்வாகம் சொல்லித் தரும் கல்லூரி ஒன்று இருக்கிறது, இன்னும் மேலே போனால் 1960இல் டெல்லியில் தொடங்கிய நேஷனல் டிஃபென்ஸ் காலேஜ். அங்கெல்லாம் போகிறவர்கள் ஏற்கெனவே பெரிய ஆட்கள். ஆளை உடைத்துச் சேர்க்கும் வேலை நடுவயதில் நடக்கிறது.

எங்களைப் பத்துப் பத்துப் பேராகச் சின்னச் சின்ன சிண்டிகேட்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டைரக்டிங் ஸ்டாஃப், சுருக்கமாக டிஎஸ். ஆசிரியர்தான், ஆனால் பாடம் நடத்தமாட்டார். ஒரு சூழ்நிலையைக் கொடுத்துவிட்டு நாங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் அவரிடம் ஒரு விடை இருக்கும். டிஎஸ் சொல்யூஷன். படையில் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இந்த விடைகளை முந்தைய வருடத்து நண்பனிடம் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அதற்குப் பிசிகே என்று பெயர், முந்தைய வகுப்பின் ஞானம். எனக்கும் ஒரு நண்பன் அட்டைப் பெட்டி நிறையக் கொடுத்திருந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெட்டியைப் பார்த்ததும் வீட்டுச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்ததுபோல ஒரு நிம்மதி.

பொறியாளனுக்கு விடை என்பது ஒன்றுதான். டயரில் இவ்வளவு காற்று. போல்ட்டை இவ்வளவு முறுக்கு, அதற்கு மேல் ஒரு சுற்று முறுக்கினாலும் தப்பு. புத்தகத்தில் இருக்கிறது, டார்க் ரென்ச் சொல்கிறது, கையெழுத்துப் போடு. இந்தப் பழக்கத்தோடுதான் நான் முதல் 'அப்ரிசியேஷனை' எழுதினேன். பாராட்டு அல்ல, நிலைமையை மதிப்பிடும் எழுத்துக்கு ராணுவத்தில் அப்படிப் பெயர். நோக்கம் என்ன, காரணிகள் எவை, என்னென்ன வழிகள் உண்டு, எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று போகும். ஒவ்வொரு காரணியின் கீழும் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறாய் என்று எழுத வேண்டும்.

பயிற்சி லடாக்கைப் பற்றியது. ஒரு பட்டாலியனை விமானத்தில் லேவுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். நான் குஷியாகிவிட்டேன், என் பாடம். லே விமானதளம் 10,600 அடிக்கு மேல் இருக்கிறது, காற்றின் அடர்த்தி குறைவு, எஞ்சினின் உந்துவிசை குறையும், இறக்கையின் தூக்குவிசை குறையும், ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அழகாக எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு சொல்லோடு திரும்பி வந்தது: ஸோ வாட்?

தமிழில் 'அதனால என்ன' என்று சொன்னால், பரவாயில்லை, விடு என்று அர்த்தம். முதலில் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், ஆள் மட்டம் தட்டுகிறார் என்று. அவர் கேட்டதோ நிஜமான கேள்வி. சொல், அதனால் என்ன?

அதனால் விமானத்தின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று சேர்த்தேன். மறுபடி அதே இரண்டு சொல். சுமை குறைந்தால் அதே ஆட்களுக்குக் கூடுதல் நடை பறக்க வேண்டும். அதனால் என்ன? வெயில் ஏற ஏற லேயில் காற்று இன்னும் லேசாகும், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று கிளம்பிவிடும், ஆகவே சரக்கு விமானங்களுக்குக் காலைப் பொழுதுதான். அங்கே ஒரே நேரத்தில் நிறுத்த இடமும் கொஞ்சம்தான். அதனால்? ஒரு நாளைக்கு இத்தனை நடைதான், ஆகவே இத்தனை நாள். நான்காவது தடவை நாள் கணக்கோடு போய் நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு.

டிஎஸ் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த காலாட்படை மேஜர் என் தாளை எட்டிப் பார்த்தார். "நல்லது. கடைசி விமானம் இறங்கிய அன்றைக்கு என் ஆட்கள் மலையேறிச் சண்டை போடுவார்கள் என்று நினைக்கிறாயா?" என்றார். சமவெளியிலிருந்து நேராகப் பறந்து வந்தவனுக்கு அந்த உயரத்தில் உடம்பு பழக முதல் கட்டத்துக்கே ஆறு நாள். அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் இன்னும் சில நாள். அவசரப்படுத்தினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சாலையில் ஏறி வந்தவனுக்கு வழியிலேயே கொஞ்சம் பழகியிருக்கும். அதிவேகத்தில் கொண்டுபோய் இறக்குவதால் மட்டும் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று ஆகிவிடாது. விமானத்தின் எல்லா எண்ணும் எனக்குத் தெரிந்திருந்தது. அதில் ஏறி வருகிறவனின் நுரையீரல் என் கணக்கில் வரவே இல்லை.

ஆகவே தளபதி, தான் நினைப்பதைவிட ஒரு வாரம் முன்பே முடிவெடுக்க வேண்டும். முதல் விமானத்தில் ஏற்ற வேண்டியது மண்ணெண்ணெய் அல்ல, குண்டும் அல்ல, ஆட்கள். ஏனென்றால் பழக நாள் வேண்டியது ஆட்களுக்குத்தான். நான் காற்றின் அடர்த்தியில் ஆரம்பித்தது இங்கே வந்து முடிந்தது. அன்று இரவு பெட்டியைத் திறந்து பழைய விடையை எடுத்துப் பார்த்தேன். அதுவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. முன்பே பார்த்திருந்தால் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பேன். அந்த மேஜரிடம் கேட்டிருக்கமாட்டேன்.

அந்த மேஜரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1999இல் அவர் திராஸ் பக்கம் மலையில் இருந்தவர். அதைப் பற்றித் தானாகப் பேசமாட்டார். ஐப்பசி மாதம், குன்னூரில் அடைமழை. சிண்டிகேட் அறை ஜன்னலில் நீர் வழிந்துகொண்டிருக்க, தேநீரும் வர்க்கியுமாக நாங்கள் கார்கிலை அலசிக்கொண்டிருந்தோம். எங்கள் போர் பைலட் ஒருவர் கரும்பலகையில் தேதிவாரியாகப் போட்டார். மே 26 விமானத் தாக்குதல் தொடக்கம். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசின் உத்தரவு. 27ஆம் தேதி ஒரு மிக்-27, ஒரு மிக்-21 விமானங்களை இழந்தோம். 28ஆம் தேதி தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையில் ஒரு மி-17 ஹெலிகாப்டர். பிறகு உயரத்தை மாற்றி, முறையை மாற்றி, மிராஜ் 2000 விமானங்கள் ஜூன் 17 எதிரியின் முந்தோ தாலோ சரக்கு முகாமை அடித்தன. ஜூன் 24 டைகர் ஹில் மீது லேசர் வழிகாட்டும் குண்டு. பதினாறாயிரம் பதினெட்டாயிரம் அடி உயரச் சிகரங்களில் குண்டு போட்டு எங்களுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை, மெல்லிய காற்றில் குண்டு விழும் கணக்கே வேறு, மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டோம் என்று முடித்தார். நன்றாகத்தான் பேசினார்.

மேஜர் மெதுவாகக் கேட்டார். "மே மாதத் தொடக்கத்திலேயே எங்கள் ஆட்கள் ஹெலிகாப்டர் கேட்டார்களே, அது ஏன் உங்கள் பலகையில் இல்லை?"

அறை கொஞ்சம் சூடாகிவிட்டது. தாக்கும் ஹெலிகாப்டர்கள் அந்த உயரத்தில் இயங்காது என்றோம், அது உண்மை. அரசின் அனுமதி வேண்டும் என்றோம், அதுவும் உண்மை. முந்தோ தாலோவில் சரக்கை எரித்ததால் மேலே இருந்தவனுக்குச் சாப்பாடும் குண்டும் நின்றதே என்றார் பைலட். "இருக்கலாம். எனக்கு எதிரே இருந்தவன் சுடுவதை நிறுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை" என்றார் மேஜர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

சிண்டிகேட்டில் கப்பல்படைக்காரர் ஒருவர், தூத்துக்குடி. வெளியே வந்ததும் என்னிடம் தமிழில் சொன்னார்: "அண்ணாச்சி, அவருக்கு முன்னால ஒரு பங்கர். உங்களுக்கு முன்னால ஒரு மேப்பு. ரெண்டு பேரும் பார்த்தது வேற வேற சண்டை. நாங்க அரபிக்கடல்ல கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துனோமே, அதை ரெண்டு பேருமே சொல்லல, பார்த்தியளா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அடக்கிவைத்திருந்த கோபம் அதோடு போயிற்று.

அந்த மழைக்காலத்தில்தான் ஆய்வுக் கட்டுரைக்காக நூலகத்தில் கிடந்தேன். 1930களின் அமெரிக்கா கையில் சிக்கியது. அலபாமாவில் மேக்ஸ்வெல் ஃபீல்ட் என்னும் தளத்தில் ஏர் கோர் டாக்டிக்கல் ஸ்கூல் என்று ஒன்று, எங்களைப் போன்ற நடுவயது அதிகாரிகளுக்கானது. மிகக் கெட்டிக்காரர்கள் கூடிய இடம். அங்கே ஒரு கொள்கை உருவாயிற்று. கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் நெருக்கமான அணியாகப் பறந்தால் காவல் விமானமே தேவையில்லை, பகல் வெளிச்சத்தில் எதிரியின் முக்கியமான ஆலைகளைக் குறிபார்த்து அடித்தால் போர் முடிந்தது. போர் விமானப் பிரிவைச் சேர்ந்த ஆசிரியர் ஷென்னால்ட் இதை ஒத்துக்கொள்ளவில்லை. முன்கூட்டியே தகவல் கிடைத்தால் குண்டுவீச்சு விமானங்களை மறிக்க முடியும் என்று வாதாடினார். காது வேறு மந்தம், பேச்சு வேறு கரடுமுரடு. 1937இல் ஓய்வு பெற்றுச் சீனாவுக்குப் போய்விட்டார். அதன்பின் பள்ளியில் அந்த அளவுக்கு மல்லுக்கு நிற்க ஆள் இல்லை.

1941 ஆகஸ்டில் ஜெர்மனிமீது விமானப்போர் நடத்தத் திட்டம் கேட்டபோது ஒன்பதே நாளில் எழுதிக் கொடுத்தவர்கள் ஜார்ஜ், வாக்கர், கூட்டர், ஹான்ஸெல் என்ற நால்வர். நால்வரும் மேக்ஸ்வெல் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்கள். எனக்கு அந்த ஒன்பது நாள் முதலில் பிரமிப்பாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, விடை ஏற்கெனவே அவர்கள் பெட்டியில் இருந்தது. 1943 அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபுர்ட் நகரின் பேரிங் ஆலைகளை அடிக்க 291 பி-17 விமானங்கள் கிளம்பின. காவல் விமானங்களால் பாதி தூரத்துக்கு மேல் கூட வர முடியவில்லை. 60 விமானங்கள் திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். நீண்ட தூரம் கூடவே வரும் போர் விமானங்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

இதை எங்கள் சிண்டிகேட்டில் வாசித்தபோது, வழக்கமாக என்னைச் சீண்டும் பைலட் ஒன்றும் பேசாமல் இருந்தார். எங்கள் படையில் பறப்பவர்கள், மற்றவர்கள் என்று இரண்டு சாதி உண்டு, அதை இங்கே விரித்தால் கட்டுரை முடியாது. அன்று மட்டும் அவர், "உன் தாளைக் கொடு, நகல் எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

விமானப்படை தனியாகச் சண்டை போடும் படையா, மற்றவர்களுக்குத் தோள் கொடுக்கும் படையா என்ற அந்த மழைநாள் வழக்கு வெலிங்டனைவிட்டு வெளியேயும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கார்கிலை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் நம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். அந்த அறிக்கைக்குப் பின் வந்த மாற்றங்களின் தொடர்ச்சியாகத்தான் இருபது வருடம் கழித்து, 2019 டிசம்பரில், முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவியே வந்தது. முதலில் அதில் அமர்ந்த ஜெனரல் பிபின் ராவத் வெலிங்டனில் படித்தவர். 2021 ஜூலையில் அவர், பீரங்கிப் படையையும் பொறியாளர் படையையும் போல விமானப்படையும் ஒரு துணைப் பிரிவு என்கிற மாதிரி பேசிவிட்டார். விமானப்படைத் தளபதி பதௌரியா, வான்வலிமையின் பங்கு துணை நிற்பது மட்டும் அல்ல என்று உடனே பதில் சொன்னார். எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அதே பழைய சண்டை. ஓய்வு பெற்றுவிட்ட மேஜர் ஒரு கட்சி, பைலட் ஒரு கட்சி. தூத்துக்குடிக்காரர் ஒரு கப்பல் படத்தை மட்டும் போட்டார்.

அதே வருடம் டிசம்பர் 8. ராவத் சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு ஹெலிகாப்டரில் வந்துகொண்டிருந்தார், ஸ்டாஃப் காலேஜ் அதிகாரிகளிடம் பேசுவதற்காக. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் பனிமூட்டத்துக்குள் அது விழுந்தது. பதினான்கு பேர். ஊர்க்காரர்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளியுமாக ஓடினார்கள். எங்கள் குழுவில் வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு மேஜர்தான் முதலில் எழுதினார்: பைலட்டின் பெயரைப் போட்டு, "நீ எங்கே இருக்கிறாய்? பேச வேண்டும்போல் இருக்கிறது."

உயிரோடு மீட்கப்பட்டு, ஒரு வாரம் போராடி 15ஆம் தேதி பெங்களூருவில் இறந்தவர் குரூப் கேப்டன் வருண் சிங். வெலிங்டனில் டிஎஸ். தேஜஸ் விமானத்தை ஆபத்தான கோளாறிலிருந்து மீட்டு இறக்கியதற்காக சௌரிய சக்ரா பெற்றவர். விருதுக்குப் பின் தான் படித்த பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தான் சராசரி மாணவன், சராசரியாக இருப்பதில் தவறில்லை, ஆனால் கையில் எடுத்ததை முழு மனதோடு செய்யுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்ன கடிதம். பத்திரிகைகளில் வந்தது. சிண்டிகேட் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் டிஎஸ்ஸிடம் எல்லா விடையும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த என் அந்தக் காலத்து முகத்தை நினைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தேன்.

போன மாதம் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் கூப்பிட்டான். ஸ்குவாட்ரன் லீடர், அவனும் பொறியாளன்தான். வெலிங்டன் கிடைத்திருக்கிறதாம். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சார், உங்ககிட்ட பழைய பேப்பர் ஏதாச்சும் இருக்குமா?" என்றான்.

பெட்டி எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்த லேத் தாள் மட்டும் ஒரு கோப்பில் இருந்தது, ஓரமெல்லாம் பழுப்பேறி, சிவப்பு மை வெளிறி. போட்டோ எடுத்து அனுப்பினேன். என் கையெழுத்து, பக்கத்தில் வரிசையாக ஸோ வாட், ஸோ வாட், ஸோ வாட்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "தேங்க்யூ சார். இதோட டிஎஸ் சொல்யூஷன் எங்க சார்?"